பிலோமினா அக்காவின் சந்தேகங்கள்

செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. சுங்கைப் பட்டாணியில் ஒன்றாக வேலை பார்த்த எங்களுக்கு ஒரு வாட்சப் குழு இருக்கிறது. பண்டிகை வாழ்த்துகளைத் தவிர அதில் பெரும்பாலும் எதுவும் வராது. அன்று காலை நான் சேமித்து வைத்திராத ஓர் எண்ணிலிருந்து, “பிலோமினா காலமானார்” என்று மட்டும் வந்திருந்தது. எங்கே, எப்படி என்று ஒரு சொல் இல்லை. சில மாதங்களுக்கு முன் யாரோ அவருடைய எண்ணைத் திருடி, அவர் பெயரிலேயே எங்களிடம் பேசி ஏமாற்றப் பார்த்திருந்தார்கள். இதுவும் அந்த ஆட்களின் வேலையாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அவருடைய தங்கை ஆக்னஸை அழைத்தேன்.

“உண்மைதான் வாணி. காலையில எழுப்பப் போனேன், எழுந்திருக்கல” என்றார்.

அதன் பிறகும் நான், டாக்டர் வந்து பார்த்தாரா என்று கேட்டேன். ஆக்னஸ் கோபித்துக்கொள்ளவில்லை. “நீயும் அவளப் போலவே கேக்குற” என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினார்.

பிலோமினா அக்காவோடு வேலை பார்த்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலர் அவரைத் திட்டியிருக்கிறீர்கள். சிலருக்கு அதற்கான நியாயமும் இருந்தது. இறந்தவரைப் பற்றி எழுதும்போது நல்லதை மட்டும் எழுதுவது வழக்கம். அப்படி ஒரு கட்டுரையைப் பிலோமினா அக்காவிடம் காட்டினால், முதல் பத்தியிலேயே நிறுத்திவிட்டு, “யார் சொன்னா?” என்று கேட்பார்.

மெர்போக் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். கணினி படித்து, கோலாலம்பூரில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, தங்கையோடு இருக்கலாம் என்று ஊர் திரும்பியவர். கார் உதிரிப்பாகக் கடைக்கு மேல் மாடியில் இருந்த எங்கள் சிறிய நிறுவனத்தில் சேர்ந்தார். முதல் நாளே, மின்சாரம் போனால் கணினிகளைத் தாங்கிப்பிடிக்க வைத்திருந்த பேட்டரிப் பெட்டியைப் பார்த்தார். இது வேலை செய்யுமா என்று கேட்டார். செய்யும் என்று முதலாளி பாலன் அண்ணன் சொன்னார். பிலோமினா அக்கா குனிந்து சுவரிலிருந்த இணைப்பைப் பிடுங்கினார். அலுவலகம் முழுவதும் அணைந்துபோனது. பேட்டரி எப்போதோ செத்திருந்தது, யாருக்கும் தெரியவில்லை. பாலன் அண்ணன் கத்தினார். பிலோமினா அக்கா அமைதியாக, “வேலை செய்யும்னு லேபிள் ஒட்டியிருக்கு. ஒட்டியிருக்கிறத நான் எதுக்கு நம்பணும்?” என்றார்.

உங்களில் பிறகு வந்து சேர்ந்தவர்களுக்கு, நாங்கள் அப்போது செய்துகொண்டிருந்த வேலையைச் சொன்னால்தான் பின்னால் நடந்தது புரியும். இன்று ஒரு கிளினிக்கிலோ தொழிற்சாலையிலோ இருக்கும் பெரிய கணினி ஒன்றுக்குள், பல கணினிகள் மென்பொருளாகவே ஓடுகின்றன. மெய்நிகர் கணினிகள் என்கிறோம். ஒவ்வொன்றுக்கும் தகவல்களைச் சேமித்து வைக்கும் ஒரு வட்டு உண்டு. அந்தக் கணினியை நிறுத்தாமல், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதன் வட்டைக் காப்பு நகல் எடுக்க வேண்டும். அதற்கு வட்டோடு பேச ஏ.பி.ஐ எனப்படும் ஓர் இடைமுகம் தேவை. எந்தக் கட்டளையை எந்த வரிசையில் கொடுக்கலாம், ஒவ்வொன்றுக்கும் என்ன பதில் வரும் என்று இரு பக்கத்து நிரல்களுக்கும் இடையே உள்ள ஒப்பந்தம் அது. அதை வடிவமைத்தவர் பிலோமினா அக்கா. அதன்படி கட்டளை கொடுத்து நகலெடுக்கும் நிரலை எழுதியவர் தினகரன். நகலிலிருந்து வட்டைத் திரும்ப உருவாக்கும் பகுதி என்னுடையது.

வடிவமைப்பு நடந்த வாரங்களில் நாங்கள் அதிகம் சண்டை போட்டது “முடிந்தது” என்ற ஒரு பதிலைப் பற்றித்தான். நகலெடுத்த நிரல் வேலை முடிந்ததும் அப்படிச் சொன்னால் போதும் என்பது எங்கள் கருத்து. பிலோமினா அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. “நகல் எடுத்தவனே முடிஞ்சதுன்னா அது வெறும் பேச்சு. வேற ஒருத்தன் திறந்து பாத்துச் சொல்லட்டும்” என்றார். நகலெடுத்த ஒவ்வொரு துண்டையும் வேறொரு நிரல் மீண்டும் படித்து, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று விதி எழுதினார். வேலை மெதுவானது. தினகரன் சிரித்துக்கொண்டே, “அக்கா, உங்க ஏ.பி.ஐ போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கு லா. உள்ள வந்தவன் எல்லாம் திருடன்” என்றார். அவரும் சிரித்தார். தினகரனை அவருக்குப் பிடிக்கும். மதியம் வெளியே போனால் தினகரனுக்கும் சேர்த்துத் தாப்பாவ், அதாவது பொட்டலச் சாப்பாடு, வாங்கி வருவார். பொட்டலத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார், அது வேறு விஷயம்.

ஒவ்வொரு நாளும் முழு வட்டையும் நகலெடுக்க நேரம் போதாது. எனவே வட்டைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, எந்தத் துண்டில் புதிதாக எழுதப்படுகிறதோ அதன் மேல் ஒரு குறி விழும்படி செய்திருந்தோம். மறுமுறை நகலெடுக்கும்போது, குறி விழுந்த துண்டுகளை மட்டும் எடுத்தால் போதும். நகலெடுக்கும் நிரல் முதலில் குறிகளைக் கேட்கும். இடைமுகம் கொடுக்கும். அங்கே பழைய குறிகள் அழிந்து, புதியவை விழத் தொடங்கும். எங்கள் எல்லோருக்கும் அது இயல்பாகத்தான் பட்டது.

தினகரன் வேலையை விட்டு, பினாங்கில் இதே மாதிரி மென்பொருள் செய்யும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தார். சில வாரங்களில், எங்கள் மென்பொருளைப் பயன்படுத்திய ஒரு கிளினிக்கின் கணினி பழுதானது. காப்பு நகலிலிருந்து மீட்டுக் கொடுத்தோம். எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் தோன்றியது. மறுநாள் அங்கிருந்த தாதி ஒருவர் அழைத்தார். ஒரு பெரியவருக்கு டாக்டர் மாத்திரையின் அளவைக் குறைத்து எழுதியது தனக்கு நினைவிருப்பதாகவும், கணினியில் பழைய அளவே இருப்பதாகவும் சொன்னார். பார்த்தால், வேறு சிலருடைய பதிவுகளும் அப்படியே பின்னோக்கிப் போயிருந்தன. அந்தத் தாதிக்கு நினைவு இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பேச யாருக்கும் துணிச்சல் இல்லை.

எங்கள் சரிபார்ப்பில் எல்லாமே பச்சையாக இருந்தது. ஒவ்வொரு துண்டும் மூலத்தோடு பொருந்தியது. அதுதான் பிலோமினா அக்காவின் சந்தேகத்தைக் கிளப்பியது. இவ்வளவு சுத்தமாக ஒரு தவறு தானாக நடக்காது, யாரோ தெரிந்தே செய்திருக்க வேண்டும் என்றார். போட்டி நிறுவனத்துக்குப் போனவர் யார்? நகலெடுக்கும் நிரலை எழுதியவர் யார்? இரண்டு கேள்விக்கும் ஒரே பெயர்தான் பதிலாக வந்தது.

தினகரன் அப்படிச் செய்யக்கூடியவர் இல்லை என்று நான் சொன்னேன். “நீ நம்புறது உன் இஷ்டம். எனக்கு ஆதாரம் வேணும்” என்றார். தினகரன்தான் செய்தார் என்பதற்கும் உங்களிடம் ஆதாரம் இல்லையே என்று கேட்டேன். எழுந்து போனார். நேராகப் பாலன் அண்ணனின் அறைக்குத்தான் போனார்.

பாலன் அண்ணன் அன்றே பினாங்கு நிறுவனத்துக்குப் பேசினார். என்ன சொன்னார் என்று எங்களுக்கு முழுதாகத் தெரியாது. வாடிக்கையாளரைப் பற்றிய கவலையால் பேசினாரா, நல்ல ஆள் ஒருவர் விட்டுப் போன எரிச்சலால் பேசினாரா என்பது எனக்கு இன்றுவரை தீராத ஐயம். அந்த வாரமே தினகரனை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் எனக்கு மட்டும் செய்தி அனுப்பினார். “நான் என்ன செஞ்சேன்னாவது கேட்டுச் சொல்லுங்க அக்கா.” கேட்டேன். அலுவலகத்தில் யாரும் வாய் திறக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை என் கடவுச்சொல் வேலை செய்யவில்லை. நிரல்கள் இருக்கும் இடத்துக்குள் நான் போக முடியாதபடி பிலோமினா அக்கா மாற்றியிருந்தார். தினகரனுக்காகப் பரிந்து பேசியவள் என்பதால் நானும் பட்டியலில் சேர்ந்துவிட்டேன். எனக்குத் தேவையான கோப்பை அவரே எடுத்துக் கொடுப்பார், வேலை முடிந்ததும் அவரே வாங்கிக்கொள்வார். எதிரெதிர் மேசையில் உட்கார்ந்திருந்தோம். தேநீர் குடிக்கத் தனித்தனியாகப் போனோம். நான் கைப்பேசியில் பேசினால் அவருடைய தட்டச்சுச் சத்தம் நின்றுவிடும். நானும் அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். என் மேசை இழுப்பறை நான் மூடிய மாதிரியே இருக்கிறதா என்று காலையில் பார்ப்பேன். ஒருவரைச் சந்தேகிப்பவரோடு ஒரே அறையில் இருந்தால் நமக்கும் அது தொற்றிக்கொள்ளும். அந்த நாள்களில் கடைக்காரர் கொடுக்கும் சில்லறையைக்கூட நான் நம்பவில்லை.

அந்த வாரங்களில் அவர் செய்த காரியம் ஒன்றுதான். தினகரன் எழுதிய நிரலை முழுவதும் தூக்கி எறிந்துவிட்டு, முதல் வரியிலிருந்து தானே எழுதினார். ஒளித்து வைக்கப்பட்டது எதுவாக இருந்தாலும் இதோடு போய்விடும் என்பது அவர் கணக்கு.

எழுதி முடித்துச் சோதனை செய்துகொண்டிருந்தபோது ஒரு நாள் பிற்பகலில் பலத்த இடி மழை. நகலெடுப்பு பாதியில் இருக்கும்போது இணைப்பு அறுந்தது. மழை விட்டதும் இணைப்பு வந்தது, நிரல் தானாகவே மறுபடி தொடங்கியது, முடிந்தது, சரிபார்ப்பு பச்சை காட்டியது. பிலோமினா அக்கா அதை நம்பாமல், மீட்டெடுத்த வட்டை மூலத்தோடு முழுவதுமாக ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். ஓட்டிக் காட்டினேன். பல துண்டுகள் பழையவையாக இருந்தன. கிளினிக்கில் நடந்தது அப்படியே எங்கள் கண்முன் நடந்திருந்தது. ஆனால் தினகரன் எழுதிய ஒரு வரிகூட இப்போது அதில் இல்லை.

பிலோமினா அக்கா இணைப்புக் கம்பியைத் தன் கையாலேயே பாதியில் பிடுங்கினார். மறுபடி செருகினார். அதே தவறு. மீண்டும் பிடுங்கினார். மீண்டும் அதே தவறு. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, இடைமுகத்துக்காகத் தான் எழுதிய ஒப்பந்தத்தைத் திறந்தார்.

தவறு அங்கே இருந்தது. குறிகளைக் கொடுத்த உடனேயே இடைமுகம் அவற்றை அழித்துவிடும். வாங்கிப்போன நிரல் பாதியில் இறந்தால், எந்தெந்தத் துண்டுகள் பாக்கி என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. மறுபடி கேட்கும்போது, அதன் பிறகு விழுந்த புதிய குறிகள் மட்டும் கிடைக்கும். அவற்றை நிரல் ஒழுங்காக நகலெடுக்கும், சரிபார்க்கும் நிரலும் ஒழுங்காக ஒப்பிடும். நகலெடுத்த ஒவ்வொரு துண்டையும் நாங்கள் சந்தேகித்தோம். எடுக்காமல் விட்டதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

மறுநாள் எல்லோரையும் கூட்டி, இது என் வடிவமைப்பு, தவறு என்னுடையது என்றார். அந்த இடத்தில் அவர் குரல் உடைந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் உடையவில்லை. பிறகு என் மேசைக்கு வந்து புதிய கடவுச்சொல்லைக் கொடுத்தார்.

“உன்னையும் சந்தேகப்பட்டேன். தெரிஞ்சிருக்கும்.”

“தெரியும்” என்றேன்.

“ஏன் கேக்கல?”

“கேட்டிருந்தா, ஏன் கேக்கறாள்னு அதையும் சந்தேகப்பட்டிருப்பீங்க.”

பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்தார். உடனே நிறுத்திக்கொண்டு, சனிக்கிழமை பண்டார் பாருவுக்கு வருவாயா என்று கேட்டார். தினகரன் அங்கே தோட்டத்து வீட்டில் அம்மாவோடு இருந்தார்.

சனிக்கிழமை காரில் போனோம். செம்பனை மரங்களுக்கு நடுவே இருந்த வீட்டு வாசலில் தினகரன் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் வருவதை நான்தான் சொல்லியிருந்தேன். “உள்ள வாங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரலக்கா. இங்கேயே சொல்லுங்க” என்றார். பிலோமினா அக்கா வெயிலில் நின்றபடியே சொன்னார். அம்மா கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தன் பிள்ளை மேல் என்ன பழி சொன்னீர்கள் என்று தனக்கும் புரிகிற மாதிரி சொல்லச் சொன்னார்.

“ரொட்டி சானாய் கடையில ஆர்டரப் பலகையில எழுதி வைப்பாங்கல்லம்மா. ரொட்டி மேசைக்குப் போனப்புறம்தான் அழிக்கணும். எங்க பலகையில, ஆர்டர வாசிச்ச உடனேயே அழிஞ்சிடும். வழியில ரொட்டி கீழ விழுந்தா யாருக்குன்னு தெரியாது. தூக்கிட்டுப் போனவர் உங்க மகன். அதனால அவர் மேல சொல்லிட்டேன்.”

“பலகைய அழிக்கச் சொன்னது யாரு?”

“நான்தாம்மா.”

“அப்ப அதப் பினாங்குக்காரங்ககிட்ட சொல்லுங்க. எங்ககிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது.”

நேற்றே பேசிவிட்டதாகப் பிலோமினா அக்கா சொன்னார். தினகரன் முகம் மாறவில்லை. “நீங்க பேசுனீங்கன்னு நான் எப்படி நம்புறது?” என்று கேட்டார்.

எனக்கு அது கடுமையாகப் பட்டது. பிலோமினா அக்காவுக்கு அப்படிப் படவில்லை. சரியான கேள்வி என்று மெதுவாகச் சொல்லி, கைப்பேசியை எடுத்து, ஒலிபெருக்கியைப் போட்டு, பினாங்கு நிறுவனத்து மேலாளரை அங்கேயே மறுபடி அழைத்தார். தவறு தன்னுடையது, இவர் மேல் குற்றமில்லை, சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன் என்று வாசலில் நின்றபடியே இன்னொரு முறை முழுவதும் சொன்னார். மேலாளர் மரியாதையாகவே கேட்டுக்கொண்டார். அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்தாகிவிட்டது என்று நேற்று சொன்னதையே இன்றும் சொன்னார். தினகரன் அதைத் தன் காதால் கேட்டார். கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அம்மா எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நாங்கள் நின்றபடியே குடித்தோம்.

பாலன் அண்ணன் பழைய வேலையைத் திரும்பக் கொடுக்க முன்வந்தார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. தினகரன் வர மறுத்துவிட்டார். “அங்க உக்காந்தா, பின்னால யாரு நிக்கறான்னு பாத்துக்கிட்டே இருக்கணும்” என்று என்னிடம் சொன்னார். பல மாதம் கழித்துக் கூலிமில் வேறு வேலை கிடைத்தது. அந்த மாதங்களை யாரும் அவருக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. பிலோமினா அக்காவைப் புகழ்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இடைமுகம் மாறியது. நகல் முழுதாகச் சேர்ந்து, வேறொரு நிரல் பார்த்து உறுதி சொல்லும்வரை பழைய குறிகள் அழியாது. அதற்குள் விழும் புதிய குறிகள் தனியாக நிற்கும். பாதியில் அறுந்தால் இரண்டும் ஒன்றாகச் சேரும். இன்னொரு விதியும் வந்தது. அவ்வப்போது குறிகளையே நம்பாமல், முழு வட்டையும் முழு நகலோடு ஒப்பிட வேண்டும். விளக்கவுரையில் அந்த விதிக்குக் காரணம் எழுதும் இடத்தில், “இந்த இடைமுகத்தை எழுதியவர் தவறு செய்யக்கூடியவர்” என்று எழுதினார். பாலன் அண்ணன் வாடிக்கையாளர் படிப்பார்களே என்று எடுக்கச் சொன்னார். எடுக்கவில்லை. இன்றும் இருக்கிறது.

அடக்கத்துக்கு முந்தைய ஆராதனையில் தேவாலயத்தின் கடைசி வரிசையில் தினகரனைப் பார்த்தேன். பெட்டியருகில் போய் நின்றார். அதிக நேரம் நிற்கவில்லை. வெளியே வந்ததும் எனக்குத் தலையசைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மன்னித்துவிட்டு வந்தாரா, அக்கா உண்மையிலேயே போய்விட்டாரா என்று உறுதி செய்ய வந்தாரா, எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

நான் பிலோமினா அக்காவைக் கடைசியாகச் சந்தித்தது பாசார் பக்கத்துக் காப்பிக் கடையில். வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். இளைத்திருந்தார். உடம்புக்கு என்ன என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார், அதை நான் நம்பவில்லை. இப்போதாவது சந்தேகம் குறைந்திருக்கிறதா என்று விளையாட்டாகக் கேட்டேன்.

“கூடித்தான் போச்சு” என்றார். “வரிசைதான் மாறியிருக்கு. முதல்ல நான். அப்புறம் மிஷின். மனுசங்க கடைசி.”

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்த வரிசையைத்தான். அவருடைய திறமை எனக்கு வராது. அவருடைய துணிச்சலும் எனக்கு வருமா என்பது சந்தேகம்தான். ஆனால் இந்த வரிசையைக் கடைப்பிடிக்க முடியும் என்று நினைக்கிறேன்.

அடக்கம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று, ஒரு தொழிற்சாலையிலிருந்து புகார் வந்திருந்தது. மீட்ட வட்டில் சில கோப்புகள் இல்லையாம். அங்கே புதிதாகச் சேர்ந்த பணியாளர் ஏதோ கைவைத்திருப்பார் என்று எங்கள் அறையில் மூன்று பேர் ஒரே குரலில் சொன்னார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. நான் எழுதிய பகுதியைத் திறந்து, மேலிருந்து படிக்கத் தொடங்கினேன். இன்னும் படித்து முடிக்கவில்லை. இதுவரை யாருடைய பெயரையும் யாரிடமும் சொல்லவில்லை.